பனிப்பாதையில் ஞானேஸ்வரியின் சில்லுத்தடம்

ஞானேஸ்வரிக்கு முடக்குவாதம் வந்தபோது வயது ஐம்பதுகூட ஆகவில்லை. எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்கில், சமெடான் ஊரில் இருந்த ஒரு ஹொட்டலின் சலவைப் பகுதியில்தான் அவளுடைய உழைப்பெல்லாம் போனது. பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்கள் படுத்தெழும்பிய விரிப்புகளை இயந்திரத்துக்குள் கொடுத்து, மறுபக்கம் சுடச்சுட வாங்கி மடிக்கிற வேலை. விரிப்பின் மறு நுனியைப் பிடிக்க எதிரே நின்றவள் திரேசா என்ற போர்த்துக்கல் பெண். இரண்டு பேருக்கும் சேர்த்துத் தெரிந்த ஜெர்மன் கொஞ்சம்தான். அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கதைத்தார்கள்.

முதலில் விரல்கள் வீங்கின. பிறகு முழங்கால், கணுக்கால். ஊன்றுகோலோடு லிஃப்ற் வரைக்கும் போய்வருவதே பெரும் பாடாகிவிட்ட பிறகு, டொக்டர் எழுதிக் கொடுத்து நாலு சில்லு மின்சார ஸ்கூட்டர் ஒன்று வந்து சேர்ந்தது. அந்தக் கோடை முழுவதும் அவள் வீட்டில் நிற்கவில்லை. கடைக்குப் போனாள், ஆற்றங்கரைக்குப் போனாள், அடுத்த ஊரான செலெரினாவுக்குக் குடிபெயர்ந்திருந்த திரேசாவிடம் போனாள்.

கார்த்திகையில் பனி விழுந்தது. ஸ்கூட்டரை நிலக்கீழ் அறையில் விட்டுப் பூட்டினான் கணவன் ஜெகதீஸ்வரன். அவன் அதே ஹொட்டலின் குசினியில் சமையல் வேலை பார்த்தான். காலையில் போனால் பொழுதுபட்டுத்தான் வருவான். அந்தக் குளிர்காலம் முழுக்க ஞானேஸ்வரி யன்னலுக்குப் பக்கத்தில் இருந்தாள். எதைக் கேட்டாலும் "ம்" என்றாள். கறிக்கு உப்புக் காணாது என்று குறை சொல்வதைக்கூட விட்டுவிட்டாள். ஜெகதீஸ்வரனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஷாஃப்ஹவுசனில் வேலை செய்த மகள் சாருஜா போனில் சொன்னாள்: "அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு இஞ்சை வாங்கோ. இஞ்சை இவ்வளவு பனி இல்லை."

ஜெகதீஸ்வரனுக்குச் சம்மதம்தான். ஞானேஸ்வரி போனை வாங்கினாள்.

"நீ காலமை வேலைக்குப் போயிடுவாய். நான் அங்கை இன்னொரு யன்னலுக்குப் பக்கத்திலை இருக்கோணும், அப்பிடித்தானே?"

அடுத்த வருடம் ஐப்பசியிலேயே அவள் ஆயத்தப்படத் தொடங்கினாள். ஸ்கூட்டர் தந்த கடைக்காரரை வரவழைத்து, ஆழமாகப் பல்லு வைத்த பனிக்கால ரயர் போடுவித்தாள். குளிரில் பற்றரி கெதியாக இறங்கிவிடும் என்று அவர் சொன்னதால், இரவில் அதைக் கழற்றி மேலே கொண்டுவந்து சூட்டில் வைத்து சார்ஜ் பண்ணும் வேலை ஜெகதீஸ்வரன் தலையில் விழுந்தது. "கல்லு மாதிரிப் பாரம்" என்று முணுமுணுத்தபடி தூக்கிக்கொண்டு வருவான். விறைத்த விரலால் கைப்பிடியை அமத்த ஏலாது என்று, கைப்பிடிக்கு மேலால் போடுகிற மாதிரிப் பஞ்சு வைத்த உறையொன்றைத் திரேசா தைத்துக் கொடுத்தாள்.

முதற்பனி விழுந்த ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டிக் கிடந்த கார் தரிப்பிடத்தில் ஞானேஸ்வரி ஸ்கூட்டர் ஓடிப் பழகினாள். சடாரென்று நிற்பாட்டினால் பின்பக்கம் எப்படி இழுபடுகிறது, கையை மெல்லத் தளர்த்தினால் எப்படி நிற்கிறது என்று திரும்பத் திரும்பப் பார்த்தாள். பனி தள்ளும் வாகனம் தெருவோரம் விட்டுப்போகிற வரம்பின்மேல் சில்லு ஏறியபோது ஸ்கூட்டர் ஒரு பக்கம் சரிந்தது. ஓரமாக நின்ற ஜெகதீஸ்வரன் "ஐயோ!" என்று கத்திவிட்டான்.

"கத்தாதேங்கோ. இனி இதிலை ஏறமாட்டன். வெட்டின இடம் பார்த்துச் சுத்திப் போவன்" என்றாள் அவள்.

குவித்த பனி அவள் தலைக்கு மேலே நிற்கும், கார்க்காரருக்கு அவளைத் தெரியாது என்று நினைத்து, நீளத் தடியொன்றில் செம்மஞ்சள் கொடி கட்டி இருக்கைக்குப் பின்னால் பூட்டிவிட்டான். அதற்குமேல் அவனால் மறிக்க முடியவில்லை.

இரண்டாயிரத்துப் பதினேழு தை மாதத்தில் ஒரு நாள். காலையில் கொஞ்சம் பனி தூவி விட்டிருந்தது. ஞானேஸ்வரி திரேசாவிடம் போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்து ஜெகதீஸ்வரன் போன் எடுத்தபோது அவளுடைய போன் நின்றிருந்தது. திரும்ப எடுத்தான். இல்லை. திரேசாவுக்கு எடுத்தான். "அவள் போய்க் கனநேரம். இன்னும் வரவில்லையா?" என்று கேட்ட திரேசாவின் குரலே மாறிவிட்டது. ஓடிப்போய் வீட்டைப் பார்த்தான். ஸ்கூட்டர் விடுகிற இடம் வெறுமையாகக் கிடந்தது.

குசினிச் சப்பாத்தோடேயே ஓடினான். சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. அது போனவுடன் அந்தப் பள்ளத்தாக்கில் குளிர் கத்திபோல இறங்கும். செலெரினாவுக்குப் போகிற நடைபாதையில், புதுப்பனியில், அவளுடைய சில்லுத்தடம் தெளிவாகத் தெரிந்தது. போன தடம் மட்டும்தான். திரும்பி வந்த தடம் இல்லை. வழுக்கி விழுந்தான், எழும்பினான், மறுபடி விழுந்தான். சிவப்பு ரயில் ஒன்று பக்கத்தால் கடந்து போனது. உள்ளே ஆட்கள் கோப்பையோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பண்ணை ஒன்றுக்குப் போகிற ஒழுங்கை அந்தப் பாதையைக் குறுக்கே வெட்டுகிற இடத்தில், பனி வழித்து, சிறு கல் தூவியிருந்தது. அங்கே தடம் எதுவும் இல்லை. கடந்துபோய் அந்தப் பக்கம் பார்த்தான். அங்கே போன தடமும் இருந்தது, வந்த தடமும் இருந்தது. அப்படியென்றால் இந்த ஒழுங்கை வரைக்கும் வந்திருக்கிறாள். வந்தவள் எங்கே?

ஒழுங்கையின் ஒரு முனை ஆற்றை நோக்கிச் சரிந்தது. விளிம்பு வரைக்கும் போய்ப் பார்த்தான். கரையில் பனி கலையாமல் கிடந்தது. "ஞானம்!" என்று கத்தினான். சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. அப்போதுதான் மறு முனைப் பக்கம் திரும்பினான். மாட்டுக்கொட்டிலின் வாசலில், பனிக் குவியலுக்கு மேலால், செம்மஞ்சளாக ஏதோ ஆடியது.

கொட்டிலின் பாதி திறந்திருந்த கதவைத் தள்ளினான். சூடான சாணி மணம் முகத்தில் அடித்தது. ஸ்கூட்டர் முன்பக்கம் உள்ளேயும் கொடி வெளியேயுமாக வாசலோடு நின்றது. அதிலிருந்து ஒரு வயர் சுவருக்குப் போயிருந்தது. பக்கத்தில் வைக்கோல் கட்டின்மேல், குதிரைக் கம்பளி போர்த்து, இரண்டு கையாலும் கோப்பையை ஏந்தியபடி ஞானேஸ்வரி இருந்தாள். எதிரே நின்ற பண்ணைக்காரி உர்சினா, "அலெக்ரா" என்று அந்த ஊர் முறைப்படி அவனுக்கு வணக்கம் சொன்னாள்.

"என்ன இது, உடம்பெல்லாம் பனி? விழுந்தியளோ?" என்றாள் ஞானேஸ்வரி.

"போன் ஏன் எடுக்கேல்லை?"

"அது குளிரிலை செத்துப்போச்சு. முன்கூடைக்குள்ளை போட்டது என்ரை பிழைதான். உங்கடை நம்பரும் அதுக்குள்ளை. உர்சினா ஹொட்டலுக்கு எடுத்தவ, நீங்கள் ஓடிட்டியள் எண்டு சொல்லிச்சினமாம்."

"இஞ்சை ஏன் வந்தனீர்?"

"திரேசா வீட்டிலை கனநேரம் இருந்திட்டன். வெளியிலை நிண்ட பற்றரி குளிர்ந்து போச்சு. வரேக்கை பச்சை லைற் போய் மஞ்சளும் பாதி இறங்கிட்டுது. வீட்டை போய்ச் சேரும் போலத்தான் இருந்தது. சேராமல் வழியிலை நிண்டா என்னாலை இறங்கி நடக்கேலுமோ? இந்தக் கொட்டில் தெரிஞ்சுது. ஒழுங்கைக்குள்ளை திருப்பி வந்து கோர்ண் அடிச்சன். அவ்வளவுதான்."

ஜெகதீஸ்வரன் ஸ்கூட்டரையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான். பக்கத்தில் கிடந்த வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தான். சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. ஒரு மாடு திரும்பி அவனைப் பார்த்துவிட்டு மறுபடி தீனை மென்றது. விழுந்தெழும்பிக்கொண்டு ஓடிவந்தவன் அவன். நின்று யோசித்துத் திரும்பியவள் அவள். மகளிடம் போய் இருக்கிற ஷாஃப்ஹவுசன் பேச்சை அவன் அந்தக் கொட்டிலிலேயே விட்டான்.

பற்றரி ஓரளவு ஏறியதும் புறப்பட்டார்கள். உர்சினாவின் புருஷன் ட்ராக்டரின் லைற்றைப் போட்டுக்கொண்டு பின்னாலே ஊர்ந்து வந்தான். போன் இப்போது ஞானேஸ்வரியின் சட்டைக்குள், நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. ஒழுங்கை முடிகிற இடத்தில் ஜெகதீஸ்வரன் மறுபடி வழுக்கினான்.

"இருக்கையைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ. நான் மெல்லமாப் போறன்" என்றாள் அவள்.

பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான். வாசலுக்கு வரும்போதே அவனுடைய போன் அடித்தது. திரேசா சொல்லிக் கேள்விப்பட்ட சாருஜா அழுதுகொண்டு கேட்டாள்: "அப்பா, அம்மாவுக்கு என்னப்பா?"

"கொம்மா நல்ல சுகம், பிள்ளை. பால்தேத்தண்ணி குடிச்சிட்டு வந்திருக்கிறா. எனக்குத்தான் இடுப்புப் பிடிச்சுப் போச்சு."

மகள் அழுகைக்கு நடுவிலே சிரித்துவிட்டாள். அன்றைக்குப் புட்டுக்கு ஆக்கிய கறியில் உப்புக் காணாது என்று ஞானேஸ்வரி சொன்னாள். ஜெகதீஸ்வரன் சந்தோசமாக எழும்பிப் போய் உப்பை எடுத்துவந்தான்.