ஐந்தாவது தட்டும் சீனன்குடா மாப்பிள்ளையும்

1981 மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3.10. புழுக்கம். காற்றில்லை. துறைமுகத்துக்கு மேலே மேகம் இரண்டு.

மகளுக்குப் பேசிவந்த மாப்பிள்ளைக்குச் சீனன்குடா எண்ணெய்க் கிடங்கில் கிளாக்கர் வேலை. குடியா? இல்லை. சூதா? இல்லை. ஆனால், பன்னிரண்டு வருடமாக ஒரே அமெரிக்க ரொக் குழுவையே கேட்கிறாராம்! குடியே பரவாயில்லையோ...

ஒருவரை அறிய, அவர் கேட்பதை நானும் கேட்கவேண்டாமா? அவரிடமிருந்த ஐந்து இசைத்தட்டுகளையும் தரகர் கொண்டுவந்தார். பதிலோடு ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று கதிரை நுனியில் இருந்தார்.

முதல் தட்டு: பன்னிரண்டு பாட்டு, மூன்று கிற்றார், நாய் துரத்துகிற ஓட்டம். இரண்டாவதில் ஓர்கன் வந்து சேர்ந்தது. மூன்றாவதில் ஒரே பாட்டு ஒரு பக்கம் முழுக்க — பத்தொன்பது நிமிடம்! நடுவில் பாடகர் தேநீர் குடிக்கப் போயிருப்பார். நாலாவதில் வயலின்கள். உறைப்படத்தில் எண்ணினேன், பதினெட்டு. நாள் வைத்துவிடலாம் என்றே நினைத்தேன்.

ஆறரைக்கு ஐந்தாவது.

ஐயோ... செத்தவீடு! பாடகரின் குரல் அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. மேளம் ஒவ்வோர் அடிக்கும் யோசித்தது. இப்படி ஒடிந்துபோன கூட்டத்தை விரும்புகிறவருக்கா பெண் கொடுப்பது?

"சரிவராது எண்டு சொல்லுங்கோ," என்றேன். தரகர் தட்டுகளை அள்ளிக்கொண்டு ஓடினார்.

குசினியிலிருந்து மகள் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அப்பா, லைற்றைப் பாருங்கோ."

பல்ப் மங்கிக் கிடந்தது. பக்கத்து ஐஸ் பக்டரி ஆறரைக்குத்தான் மெஷினைப் போடும். அதன்பிறகு எங்கள் தெருவில் ஃபேன்கூட நடந்துதான் சுற்றும்; இசைத்தட்டும் அப்படித்தான்.

"கரண்ட் குறைஞ்சா அமெரிக்கன் என்ன செய்வான்? என்ரை கலியாணத்தை ஐஸ் பக்டரியே தீர்மானிக்கிறது?"

டாக்சி பிடித்தேன்.

சீனன்குடாவில் மாப்பிள்ளை வாசலில் வாடி நின்றார். தரகர் எல்லாம் சொல்லிமுடித்திருந்தார். ஐஸ், மெஷின், கரண்ட் எல்லாவற்றையும் விளக்கி மன்னிப்புக் கேட்டேன்.

அவர் தலையாட்டினார். "இல்லை ஐயா. இங்கை கரண்ட் நல்லாத்தான் இருக்கு. அந்தத் தட்டு இங்கையும் செத்தவீடுதான்."

"பிறகேன் வச்சிருக்கிறீங்கள்?"

"நாலு தட்டிலை என்னைச் சந்தோசமா வச்சிருந்தவங்கள். ஒண்டு சரியில்லையெண்டு விட்டிட்டுப் போக ஏலுமே?"

என் மகளின் சமையலை நினைத்தேன். ஐந்து நாளில் நாலு நாள் நன்றாக இருக்கும். சட்டென்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்சி, போகவர, காத்திருந்த பதினொரு நிமிடமும் சேர்த்து: நாற்பத்திரண்டு ரூபா ஐம்பது சதம்.