கோலமாவில் எழுதிய செவ்வாய்

சதுரங்கப்பட்டினம் பஸ் நிறுத்தத்தில், ராமதாஸின் டீக்கடைக்குப் பக்கத்தில், இரண்டு இரும்புக் கால்களில் ஒரு கரும்பலகை நின்றிருந்தது. ஒரு காலத்தில் அது ரசிகர் மன்றப் பலகை. மன்றச் செயலாளர் தனகோடி அதில் தலைவரின் பிறந்த நாள், படம் வெளியாகும் நாள், அன்னதானம் எல்லாவற்றையும் கலர் சாக்பீஸில் எழுதுவார். தலைவருக்கு வரிசையாக நாலு படம் ஊற்றிக்கொண்டதும் மன்றத்துப் பையன்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அதற்கப்புறம் பலகையின் நிழலில் ஆடுகள் படுத்துக் கிடந்தன.

அந்தப் பலகையை அமிர்தவல்லி யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா? மாட்டார்கள். அப்புறம் கேட்பானேன்?

அவள் அப்போது செங்கல்பட்டில் பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் வருஷம். தினமும் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போய்வருவாள். அப்பா உலகநாதன், பக்கத்து அணுமின் நிலையக் குடியிருப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவர். யார் வம்புக்கும் போகாத மனுஷன். அம்மா சந்திரம்மாவுக்கு இரண்டு எருமையும் ஒரு மகளும் உலகம். எழுதப் படிக்கத் தெரியாது. மகளோ பேச்சை அடக்கத் தெரியாதவள். வகுப்பில் பேராசிரியர் மட்டும் பேசினார், வீட்டில் டி.வி. மட்டும் பேசியது, வல்லிக்கு எங்கேதான் பேசுவது? பலகையில் பேசினாள்.

முதலில் எழுதியது கேமரா வைத்த செல்போனைப் பற்றி. ‘பேச வாங்கியதை வைத்து இனிமேல் படம் எடுப்பார்களாம். கொஞ்ச நாளில் படம் எடுக்க வாங்கியதை வைத்து எப்போதாவது பேசுவார்கள்’ என்று எழுதி, கீழே வல்லி என்று போட்டாள். டீ குடித்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த வாரம், மனித மரபணு முழுவதையும் படித்து முடித்துவிட்டார்கள் என்ற சேதி. ‘எங்கள் தெரு ஏன் தண்ணீர்க் குழாயடியில் தினமும் சண்டை போடுகிறது என்பது அதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை’ என்று சேர்த்துக்கொண்டாள். அதற்கும் சிரித்தார்கள், குழாயடிக்காரர்களைத் தவிர.

இதிலே வேடிக்கை என்னவென்றால், எழுதிய சாமான்களில் ஒன்றுகூட அவளிடம் கிடையாது. வீட்டில் ஒரு டி.வி., ஒரு ரேடியோ, அவளுடைய கால்குலேட்டர். அவ்வளவுதான். செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் தோழி ஜெஸ்ஸியோடு ஒரே நாற்காலியைப் பகிர்ந்துகொண்டு அரை மணி நேரம் படிப்பாள். மீதியெல்லாம் சொந்த யோசனை. கையில் வைத்துப் பார்க்காத பொருளுக்கு நீ எப்படி அபிப்பிராயம் சொல்லலாம் என்று ராமதாஸ் ஒருநாள் கேட்டார். நிலாவுக்குப் போகாமலே நிலாவைப் பற்றி எல்லோரும் பாட்டுப் பாடுகிறார்களே, அவர்களைப் போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். என்ன செய்வது, வாய் அப்படி.

அந்த வாய்தான் தனகோடியை உரசியது. மன்றம் கலைந்த பிறகு அவர் பஸ் நிறுத்தத்தில் செல்போன் கடை போட்டிருந்தார். ஊருக்கே முதல் கடை. உள்ளே வரும் அழைப்புக்குக் காசில்லை என்று ஆன வருஷம் அது, வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. போனோடு போனாக ஒரு ஸ்டிக்கரும் விற்றார். தங்க நிறத்தில் நகம் அளவு இருக்கும். போனின் முதுகில் ஒட்டிவிட்டால் கதிர்வீச்சு மூளைக்குப் போகாதாம். அணு உலைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் ஜனங்களிடம் கதிர்வீச்சு என்று சொன்னால் போதாதா? போன் இல்லாதவர்கள்கூட வாங்கி டி.வி.யில் ஒட்டிவைத்தார்கள்.

வல்லி பலகையில் எழுதினாள்: ‘போனும் டவரும் பேசிக்கொள்வதே கதிரால்தான். ஸ்டிக்கர் கதிரைத் தடுத்தால் போன் பேசாது. போன் பேசினால் ஸ்டிக்கர் தடுக்கவில்லை. இரண்டில் எது என்று கடையிலேயே பேசிப் பார்த்து வாங்கவும்.’

மறுநாளே ஆளாளுக்கு ஸ்டிக்கரைக் கொண்டுவந்து கடை மேசையில் ஒட்டிவிட்டுப் போனார்கள். தனகோடி பல்லைக் கடித்துக்கொண்டார். சின்னப் பெண்ணோடு சண்டைக்குப் போனால் கேவலம். சமயம் வரட்டும் என்று இருந்தார்.

சமயம் ஆகஸ்டில் வந்தது. ஜெஸ்ஸியின் அண்ணன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்தான். ஊர் உலகத்து மெயிலையெல்லாம் தங்கைக்குத் தள்ளிவிடுவான். அப்படி ஒன்று வந்தது. செவ்வாய்க் கிரகம் பூமிக்கு நெருங்கி வருகிறது, அறுபதாயிரம் வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை, இருபத்தேழாம் தேதி ராத்திரி வெறும் கண்ணுக்கு முழுநிலா அளவு தெரியும் என்று. சென்டர்க்காரன் நேரமாகிவிட்டது, எழுந்திரு எழுந்திரு என்று கத்திக்கொண்டிருந்தான். வல்லிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் பலகைக்குப் போனாள். மூன்று வரியில் முடிக்கிற ஆள், அன்று பலகை முழுக்க எழுதினாள். கடைசியில், ‘கோட்டைக்குப் பக்கத்தில் கடற்கரைக்கு வாருங்கள். கிழக்கே, கடலுக்கு மேலே’ என்று அம்புக்குறி வேறு.

இருபத்தேழாம் தேதி அமாவாசை. அமாவாசையில் நிலா அளவுக்கு ஒன்று கிளம்பப்போகிறது என்றால் ஊர் சும்மா இருக்குமா? காணும் பொங்கலுக்குத் திரள்வதுபோல் திரண்டுவிட்டது. பாய் கொண்டுவந்தார்கள், புளிசோறு கொண்டுவந்தார்கள். சந்திரம்மா ஒரு தூக்குவாளி நிறையச் சுண்டல் செய்து, என் மகள் சொன்னது என்று வருகிறவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தாள். உலகநாதன்கூடத் தலை வாரிக்கொண்டு வந்து நின்றார்.

இருட்டியது. கடலுக்கு மேலே ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. நல்ல பிரகாசமான புள்ளிதான். ஆனால் புள்ளி. இன்னும் மேலே வரட்டும், பெரிதாகும் என்று உட்கார்ந்திருந்தார்கள். அது மேலே வந்தது, புள்ளியாகவே வந்தது. மரக்காயரும் மீன்காரரும் வாத்தியாரும் வரிசையாகக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு வல்லியைப் பார்த்தார்கள். பிள்ளைகள் அழ ஆரம்பித்தன.

“இத காட்டவா எங்கள கூட்டியாந்த?” என்று ஒரு படகுக்காரர் கேட்டார். “இத நாங்க ஒரு மாசமா பாத்துகினு கீறோம்மா.”

ஜனங்கள் பாயைச் சுருட்டினார்கள். சந்திரம்மா காலி தூக்குவாளியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, முன்னால் நடந்தாள். வல்லிக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. யார் மேலே என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக ஜெஸ்ஸியை இழுத்துக்கொண்டு சென்டருக்குப் போனாள். மெயிலைத் திறந்தாள். அதே மெயில்தான். ‘எழுபத்தைந்து மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தால்’ என்று மேல் வரி முடிந்திருந்தது. கீழ் வரியில் தொடங்கியதைத்தான் அவள் அன்றைக்குப் படித்தாள். தொலைநோக்கியில் தெரிவது வெறும் கண்ணுக்குத் தெரியும் நிலா அளவு இருக்கும் என்றுதான் அதற்கு அர்த்தம். மேல் வரியை அவசரத்தில் தாண்டிவிட்டாள். ஜெஸ்ஸி, மெயில்மேலே பழியைப் போட்டுவிடு என்று யோசனை சொன்னாள். அதிலே பாதி நிஜம்கூட இருந்தது, அப்படி ஏடாகூடமாக வரியை உடைத்தவன் எவனோ. வல்லி அதைக் காதில் வாங்கவில்லை. ஊருக்கு எழுதியது மெயிலா, நானா?

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பலகை புதிதாகக் கறுப்பு அடித்துப் பளபளவென்று நின்றது. அதன் மேலே தனகோடியின் கடைப் பெயர், மஞ்சள் பெயின்ட்டில். பலகைக்குப் பக்கத்தில் தனகோடி, கையில் டீ கிளாஸ்.

வல்லி ஒரே ஒருநாளுக்கு மட்டும் பலகையைக் கேட்டாள். தப்பு நேர்ந்துவிட்டது, அதை எழுதவேண்டும், எழுதிவிட்டுத் தந்துவிடுகிறேன் என்றாள். இவ்வளவு பணிவாக அவள் பேசி ராமதாஸ் கேட்டதில்லை.

“பொய்ய எழுதன கைக்கு இங்க சாக்பீஸ் கெடையாது,” என்றார் தனகோடி. “ஊரயே நடுக்கடலப் பாக்க வச்சிட்ட. போயி படிக்கிற வேலையப் பாரு.”

“பொய்யில்ல அண்ணா, தப்பு. ரெண்டும் வேற. தப்புன்னு சொல்றதுக்குத்தான் எனக்கு போர்டு வேணும்.”

போர்டு மன்றத்துச் சொத்து என்றார் அவர். கிளாஸை வைத்துவிட்டு, இனிமேல் இந்தப் பெண் எழுதுவது எதையும் நம்பாதீர்கள், செவ்வாயும் அப்படித்தான், ஸ்டிக்கரும் அப்படித்தான் என்று டீக்கடைக்குப் பொதுவாகச் சொன்னார். இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

அங்கேதான் வல்லிக்குச் சுரீரென்றது. பலகை போனால் போகட்டும். அவள் செய்த ஒரு தப்பை வைத்து, அவள் சொன்ன ஒரு சரியை இவர் அழிக்கிறாரே! நாளைக்கே மறுபடியும் ஸ்டிக்கர் விற்கும். இதை விடவே கூடாது.

வீட்டில் அப்பா, கொஞ்ச நாள் சும்மா இரும்மா, ஜனங்கள் மறந்துவிடுவார்கள் என்றார். ஷெட்டில் எல்லா டிரைவரும், உங்கள் வீட்டு நிலா எப்போது வரும் என்று கேட்கிறார்களாம். குழாயடியில் அம்மாவுக்கு என்ன பேச்சு கிடைத்ததோ, முகம் இறுகிக் கிடந்தது.

விடிந்ததும் சந்திரம்மா வாசல் பெருக்கிச் சாணம் தெளித்தாள். அவர்கள் வீடு பஸ் ரோட்டின்மேலேயே இருக்கிறது. டீக்கடைக்குப் போகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் அந்த வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். இன்றைக்குக் கோலம் நான் போடுகிறேன் என்று வல்லி டப்பாவை வாங்கிக்கொண்டாள். ஒருநாளும் கோலப்பொடியைத் தொடாத மகளுக்குப் புத்தி வந்துவிட்டது என்று சந்திரம்மா எருமையிடம் போனாள். பால் கறந்துவிட்டு வந்து பார்த்தால் புள்ளியும் இல்லை, கோடும் இல்லை. வாசல் முழுக்க எழுத்து, வெள்ளை வெளேரென்று.

“இன்னாடி எழுதிகீற?”

வல்லி நிமிராமலே படித்துக் காட்டினாள்: “செவ்வாய் பற்றி நான் எழுதியது தப்பு. தொலைநோக்கியில் பார்த்தால்தான் நிலா அளவு. நான் ஒரு வரியைப் படிக்காமல் விட்டேன். அந்தச் சிவப்புப் புள்ளிதான் செவ்வாய், அது அவ்வளவு கிட்டே வந்திருப்பது நிஜம். இன்றும் தெரியும். ஸ்டிக்கர் பற்றி எழுதியது சரி. வல்லி.”

சந்திரம்மா பால் செம்போடு அப்படியே நின்றாள்.

கோலத்தை மிதிக்க நம் ஜனங்களுக்குக் கால் வராது. பஸ்ஸுக்கு ஓடியவர்கள்கூடச் சுற்றிக்கொண்டு போனார்கள். சுற்றிப் போகிறவன் என்ன செய்வான்? படிப்பான். படித்தவன் படிக்காதவனுக்குச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் வாசலைச் சுற்றி வளையமாகக் கூட்டம். டீக்கடை காலி. தனகோடி டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்து இறங்கினார். மேலிருந்து படித்துக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

தப்பை எழுதினாயா, எழுதிக்கொள், என் வியாபாரத்தை எதற்கு இழுக்கிறாய், அந்த வரியை இப்போதே அழி என்றார். வல்லி முடியாது என்றாள். உலகநாதன் உள்ளேயிருந்து ஓடிவந்து, மகள் தோளைத் தொட்டு, அந்த ஒரு வரிதானேம்மா என்றார். தனகோடி செருப்புக் காலை எடுத்து, எழுத்தின் ஓரத்தில் வைக்கப்போனார்.

“தம்பி,” என்றாள் சந்திரம்மா. “கால எடு.”

சந்திரம்மா தெருவில் குரல் உயர்த்தி யாரும் பார்த்ததில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

“இது உன் மன்றத்து போர்டு இல்ல, என் வூட்டு வாசல். என் பொண்ணு பண்ண தப்ப அவ பேரு போட்டு ஊரு பாக்க எழுதிகீறா. உன் ஸ்டிக்கருல தப்பு இல்லன்னா, நீயும் உன் பேரு போட்டு உன் கட வாசல்ல எழுது.” கோலமாவு டப்பாவை எடுத்து நீட்டினாள். “மாவு நா தர்றேன்.”

டப்பா நீட்டியபடி இருந்தது. தனகோடி அதைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், காலை எடுத்துக்கொண்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டே, எழுத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனார். ஸ்டார்ட் பண்ணக்கூடத் தோன்றவில்லை. ராமதாஸ்தான் முதலில் சிரித்தார்.

வல்லி அழுதாள், அப்போதுதான். கடற்கரையில் வராத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. சந்திரம்மா, நேரமாச்சு, காலேஜுக்குப் போ என்று விரட்டினாள்.

அன்று சாயங்காலம் கோட்டைப் பக்கம் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். பாய் இல்லை, புளிசோறு இல்லை. சந்திரம்மாவும் வந்தாள், இந்தத் தடவை சுண்டல் இல்லாமல். இருட்டியதும் கடலுக்கு மேலே சிவப்புப் புள்ளி வந்தது. வல்லி கையை மட்டும் நீட்டிக் காட்டினாள். சந்திரம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“சின்னதாத்தான் கீது,” என்றாள். “ஆனா நீ சொன்ன எடத்துல கீது.”