குறைந்துகொண்டே வந்த ஊசி

அந்த நர்சிங் பள்ளியில் அவளுக்குப் பத்துமடங்கு என்று பேர். முதல் வருஷத்து மருந்துக் கணக்குப் பரீட்சையில் புள்ளியை ஓர் இடம் தள்ளி வைத்துவிட்டாள். அரை மாத்திரை கொடுக்க வேண்டிய இடத்தில் ஐந்து மாத்திரை என்று விடை வந்து நின்றது. ஆசிரியை விடைத்தாளைத் தூக்கிப் பிடித்து, "இந்தப் பேஷண்ட் மாத்திரையை முழுங்க முடியாதும்மா, பிசைஞ்சு உருட்டித்தான் சாப்பிடணும்" என்றார். வகுப்பு சிரித்த சிரிப்பில் மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி ஒரு சுற்று நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஓடியதாம். முதலில் சிரித்தவள் அவளேதான்.

கூடப் படித்த பெண்களெல்லாம் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்தவர்கள். அவளுக்கோ முப்பது தாண்டியிருந்தது. ஒரு மருந்துக்கடையில் பெட்டி பிரித்து அடுக்கும் வேலை பார்த்தவள். வீட்டில் கணவனிடமும் மாமியாரிடமும் மல்லுக்கட்டி, "உனக்கெதுக்கு இந்த வயசுல" என்ற கேள்விக்கு ஆளுக்கொரு விதமாகப் பதில் சொல்லி, ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தாள். அந்தப் பரீட்சைக்கு அப்புறம் அவள் கணக்கைப் பிடித்த பிடியில் கணக்கே மூச்சுத் திணறிப் போனது. மாமியாருக்கு ராத்திரி மாத்திரை கொடுப்பதாக இருந்தால்கூட யாருக்கு, என்ன மருந்து, எவ்வளவு, எந்த வழியாக, எந்த நேரத்தில் என்று ஐந்தையும் வாய்விட்டுச் சொல்லாமல் கை நீளாது.

"உங்க பேரு என்ன? பிறந்த தேதி என்ன?"

"ஏண்டி, என்னைத் தெரியாதா உனக்கு? காலைல என்கூடத்தானே சண்டை போட்ட?"

"சண்டை போட்டா அது அடையாளமா அத்தை? சொல்லுங்க."

"வெள்ளம் வந்த வருஷம்னு எழுதிக்கோ. எந்த வெள்ளம்னு கேட்டியோ, மாத்திரையும் வேணாம் ஒண்ணும் வேணாம், போய்ப் படுத்துக்குவேன்."

இரண்டாம் வருஷம் அவளைப் பெண்கள் வார்டில் போட்டார்கள். நீளமான ஹால். ஒரு பக்கம் வரிசையாக இரும்புக் கட்டில்கள், எதிர்ப்பக்கம் உயரமான ஜன்னல்கள், எப்போது துடைத்தாலும் பினாயில் வாசம் போகாத தரை. அந்த வார்டின் ஹெட் சிஸ்டர் குரலை உயர்த்தியே யாரும் கேட்டதில்லை, ஆனால் அவர் தொண்டையைச் செருமினால் படுத்திருக்கிற நோயாளிகூட நிமிர்ந்து உட்காருவாள். முதல் நாளே சொல்லிவிட்டார்: "எடைக்குத் தகுந்த மருந்துன்னா பழைய எடையைப் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. ஆளை மறுபடி எடை போட்டுப் பாரு. மருந்து இன்னிக்கு இருக்கிற உடம்புக்குத்தான், போன வாரம் இருந்த உடம்புக்கு இல்லை."

கடைசிக் கட்டிலில் ஒரு பஸ் டிரைவரின் மனைவி படுத்திருந்தாள். வயிற்றில் புற்றுநோய். படுத்தே கிடந்ததில் காலில் ரத்தம் கட்டி, ஒரு கால் மட்டும் தூண் மாதிரி வீங்கியிருந்தது. அந்த ரத்தக்கட்டு பெருகாமலிருக்க காலையும் மாலையும் வயிற்றுத் தோலில் ஓர் ஊசி. கிலோவுக்கு ஒரு மில்லிகிராம், அவ்வளவுதான் கணக்கு. மருந்தோ அறுபது மில்லிகிராம் அடைத்த ஊசியாகவே வரும். தேவைக்கு மேல் இருப்பதை வெளியே தள்ளிவிட்டு மிச்சத்தைப் போட வேண்டும். டோஸை டாக்டர் எழுதுவார். பத்துமடங்கு தனியாக ஒருமுறை கணக்குப் போடுவாள், ஹெட் சிஸ்டர் அவள் விடையைப் பார்க்காமல் தானாக ஒருமுறை போடுவார், இரண்டும் ஒத்துப்போனால்தான் ஊசி கட்டில் பக்கம் வரும்.

டிரைவர் மனைவிக்கு உடம்பு ஓய்ந்திருந்தாலும் வாய் ஓயவில்லை. ஊசி போடும்போதெல்லாம் ஏதாவது ஒன்று எடுத்துவிடுவாள்.

"இந்த மனுஷன் இருக்காரே தங்கச்சி, பொண்ணு பார்க்க வந்தப்போ எங்க வீட்டு வாசப்படியில நின்ன எங்கப்பாவை உள்ள தள்ளிப் போகச் சொன்னாரு. படியில நிக்காதீங்கன்னு. பழக்கதோஷம்."

டிரைவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். வேலை முடிந்ததும் காக்கிச் சட்டையோடு அப்படியே வந்துவிடுகிற மனுஷன். மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியாமல் அவர் கண் எப்போதும் ஊசிமேல்தான் இருக்கும். சேர்ந்த புதிதில் ஏறக்குறைய முழு ஊசியும் உள்ளே போனது. ஒரு வாரம் கழித்து எடை பார்த்த அன்று, பத்துமடங்கு கொஞ்சம் கூடுதலாக மருந்தை வெளியே தள்ளினாள்.

"என்னம்மா, இன்னிக்கு ஜாஸ்தியா கொட்டிட்டீங்க?"

"ஆமாண்ணே. டோஸ் கொறைச்சிருக்காங்க."

"கொறைச்சிட்டாங்களா?"

இருட்டறையில் விளக்குப் போட்ட மாதிரி அவர் முகம் மாறியது. அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஏன் குறைத்தார்கள் என்ற பாதியைத்தான் விழுங்கிவிட்டாள். உடம்பு இளைத்துக்கொண்டே வருகிறது, அதனால் மருந்தும் இளைக்கிறது என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அதெல்லாம் டாக்டர் சொல்ல வேண்டியது என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு ட்ரேயைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போனது. டிரைவர் வார்டு முழுக்கத் தண்டோரா போடாத குறை. "முதல்ல முழு ஊசி. இப்போ முக்கால் ஊசி. அப்புறம் அரை, அப்புறம் கால், அதுக்கப்புறம் வீடுதான்." பக்கத்துக் கட்டில்காரியின் மகள்கூடப் பொறாமைப்பட்டாள். டிரைவர் மனைவி மட்டும் கூரையைப் பார்த்துச் சிரித்தாள். அவர் வெளியே போன சமயம் பார்த்துப் பத்துமடங்கின் கையைத் தொட்டாள்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி. என் வளையல் எனக்குச் சொல்லாதா? முழங்கை வரைக்கும் ஏறுது. விடு, அவரு கொஞ்ச நாள் சந்தோஷமா இருக்கட்டும்." அப்புறம் சற்று யோசித்து, "என் பொண்ணைத்தான் பார்க்கணும்போல இருக்கு. தூரதேசத்துல வேலை. லீவு கெடைக்கலையாம்" என்றாள்.

நோயாளியே விடச் சொல்லிவிட்டாள், பிறகென்ன என்று அவளும் விட்டுவிட்டாள். வீட்டில் மாமியார், "அந்த டிரைவர் பொண்டாட்டி எப்படி இருக்கா?" என்று கேட்டபோது, "ஊசி கொறைஞ்சிட்டே வருது அத்தை" என்று வாய் தவறி வந்தது. "அப்பாடா" என்றார் மாமியார். அந்த 'அப்பாடா' அன்றைக்கு அவளைச் சாப்பிட விடவில்லை.

மறுநாள் சாயங்காலம் வராந்தாவில் டிரைவர் போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"இப்போ வந்து என்ன செய்யப்போற? உனக்கு இருக்கிறதே ஒரு லீவு. ஊசியைக் கொறைச்சிட்டே வர்றாங்க. அது நின்னதும் சொல்றேன், அப்போ வா. எல்லாரும் சேர்ந்து அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம். அதுவரைக்கும் லீவு கெடைக்கலைன்னே சொல்லி வைக்கிறேன், இல்லேன்னா இவ நச்சரிப்பா."

மகளுக்கு லீவு இருக்கிறது. வரவிடாமல் நிறுத்தி வைத்திருப்பது பத்துமடங்கு வெளியே தள்ளிய அந்தச் சொட்டு மருந்து.

நேரே ஹெட் சிஸ்டரிடம் போய், விழுங்கியது எல்லாவற்றையும் கக்கினாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"டாக்டர் அவர்கிட்ட நிலைமையை ரெண்டு தடவை சொல்லியிருக்காரு. டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சு, நீ கொட்டினது கண்ணுல விழுந்துச்சு. ஆளுங்க கண்ணைத்தான் நம்புவாங்க. வா, நானும் கூட வர்றேன். ஆனா ஊசியைப் பத்தி நீதான் சொல்லணும்."

வராந்தா பெஞ்சில் டிரைவருக்கு ஒரு பக்கம் அவள், மறுபக்கம் ஹெட் சிஸ்டர். பல வருஷம் கழிந்து இன்றைக்குப் பத்துமடங்கு அவசரப் பிரிவில் எத்தனையோ கோரம் பார்த்துப் பழகிய பெரிய நர்ஸ். ஆனாலும் அன்றைக்கு அந்தப் பெஞ்சில் பேச ஆரம்பித்ததைவிடக் கஷ்டமான வேலை அதற்கப்புறம் வந்ததில்லை.

"அண்ணே, அந்த ஊசி எடைக்குத் தகுந்த ஊசி. அக்காவுக்கு எடை எவ்வளவோ அவ்வளவு மருந்து. நோய் கொறைஞ்சதால ஊசியைக் கொறைக்கலை. அக்கா கொறையுறாங்க. அதான்."

டிரைவர் எதிர்ச் சுவரிடம் பேசுகிற மாதிரிச் சொன்னார்.

"வண்டியிலேர்ந்து ஆளுங்க எறங்கிட்டே இருக்காங்க. நான் வண்டி லேசா ஓடுதேன்னு சந்தோஷப்பட்டுட்டிருந்தேன். அப்படித்தானே?"

"ஆமாண்ணே."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருக்கணும்ணே."

அவர் கோபப்படவில்லை. போனை எடுத்து, "பொண்ணுக்குப் போட்டுக் குடுங்க" என்று ஹெட் சிஸ்டரிடம் நீட்டினார். அவர்தான் நம்பரைப் போட்டுக் கொடுத்தார்.

மகள் கிடைத்த முதல் விமானத்தைப் பிடித்தாள். பிடித்து என்ன, அதற்குள் இங்கே காய்ச்சல் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் டிரைவர் மனைவி கண் திறக்கவில்லை. மகள் வந்து சேர்ந்தபோது மூச்சு மட்டும்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தோள் பையைக்கூட இறக்காமல் கட்டிலருகே நின்று, "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

"நீங்கதானே அம்மாவுக்கு ஊசி போடுறவங்க? அப்பா சொன்னாரு. அம்மா எப்போ வரைக்கும் பேசுனாங்க?"

பத்துமடங்கு டிரைவரைப் பார்த்தாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை காலைல வரைக்கும்."

"அப்போ போன வாரமே நான் கெளம்பியிருந்தா..."

டிரைவர் வாயைத் திறந்தார். அதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

"அப்பா மேல தப்பில்லைம்மா. ஊசி ஏன் கொறையுதுன்னு நான் அவர்கிட்ட சரியா சொல்லலை. நான் சொல்லாததாலதான் அவர் உங்களை இருக்கச் சொன்னாரு."

அந்தப் பெண் அவளை நேராகப் பார்த்தாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லுவாள் என்று இவளும் காத்திருக்கவில்லை. போர்வை விலகியிருந்த இடத்தில் அம்மாவின் வயிற்றில் ஊசி குத்திய இடமெல்லாம் கன்றிப்போய்க் கிடந்தது. மகள் அதைத் தொடாமல் மேலே விரலை மட்டும் ஓட்டினாள்.

"ரொம்ப வலிச்சுதா அவங்களுக்கு?"

"வலிச்சுது. வலிக்கும்போதெல்லாம் ஏதாவது கதை சொல்லுவாங்க."

"என்ன கதை?"

பத்துமடங்கு பொண்ணு பார்க்க வந்த கதையைச் சொன்னாள். மகள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அது வேறாகிப்போக, பெட்ஷீட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து முகத்தை எடுக்காமலே, "அப்புறம்?" என்று கேட்டாள்.

அடுத்த கட்டிலுக்கு மருந்து நேரமாகிவிட்டது. ஹெட் சிஸ்டர் வந்து நின்று பார்த்தார், ட்ரேயைத் தானே எடுத்துக்கொண்டு போனார். பத்துமடங்கு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அடுத்த கதையைச் சொல்லத் தொடங்கினாள்.