ஆபீஸ் அலமாரியில் கிடந்த கடிதம்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை; பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பூனாகலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவள். பொறியியலாளரான என் மகளுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. படித்த வெளிநாட்டவர் அங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதியைப் பெற, கம்பெனி கையெழுத்திட்ட ஒப்பந்தம் தபாலில் வர வேண்டியிருந்தது. நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கும் லயத்துக்கு வரும் தபாலெல்லாம் தோட்ட ஆபீசில்தான் தங்கும்.

"கேட்டீங்களாம்மா?" என்று மகள் கொழும்பிலிருந்து தினமும் கேட்டாள். முதல் தடவை போய்க் கேட்டபோது ஆபீஸ் கிளாக்கர் ஐயா முகம் சுளித்ததால் மறுபடி போகக் கூசி, "இன்னும் வரலை புள்ள" என்றேன்.

அனுமதிக்காகத் தூதரகம் கொடுத்த நாள் தாண்டிய பிறகே கிளாக்கர் ஐயா கடிதத்தை அலமாரியிலிருந்து எடுத்தார்.

"லயத்துக்கு ஜெர்மனிக் கடிதமா? ஏதோ விளம்பரம்னு நெனச்சேன்" என்று சிரித்தார். கம்பெனி வேறு ஆளை எடுத்துவிட்டது.

இப்போதெல்லாம் தபாலுக்குப் பண்டாரவளைக் கடையொன்றின் முகவரியைத்தான் கொடுக்கிறேன்.

கடிதம் கைக்கு வந்த மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றேன். கிளாக்கர் ஐயா வந்தார். வழக்கம்போல் வணக்கம் சொன்னேன்.