ஒதுக்கப்பட்ட ஆசனம்

“கதை நன்று. ராஜா எந்த ஆளுங்க?”

எங்கள் கையெழுத்துப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வாசகர் ஒருவர் எழுதிய முதல் கருத்து இதுதான். கீழே பெயர் இல்லை. வாசகர்கள் எழுதுவதற்கென்றே இரண்டு தாள்களை வெறுமையாக விட்டு, ‘உங்கள் எண்ணம்’ என்று தலைப்பும் போட்டு வைத்திருந்தோம். நடை எப்படி, வருணனை எப்படி என்று எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தோம். படிப்பவர்களுக்கு முதலில் தெரியவேண்டியது வேறாக இருந்தது.

நாங்கள் என்றால் இரண்டு பேர். நான் எழுதுவேன். என் கூட்டாளி அதை ஃபுல்ஸ்கேப் தாளில் அச்சுக்கோத்தது போல நகலெடுத்துப் படம் போடுவான். ப்ளஸ் டூ வரை ஒரே பெஞ்சு. நான் ஊர்த்தெரு, குத்தகை நிலத்தில் பாடுபடும் குடும்பம். அவன் காலனி, அதே நிலங்களுக்குக் கூலிக்கு வரும் குடும்பம். இரண்டு வீட்டிலும் எங்களுக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் தாண்டியதில்லை, ஏறியதே இல்லை என்றுகூடச் சொல்லலாம். நான் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். அவன் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டு, அது வரும்வரை கள்ளக்குறிச்சியில் ஒரு பாயின் வாடகை சைக்கிள் கடையில் வேலைக்கு நின்றான்.

பத்திரிகைக்கு ஒரே பிரதி. பாய் கடையில் பழைய டயர் மாட்டும் கொக்கியில் தொங்கும். பஞ்சர் ஒட்டும்வரை உட்கார்ந்திருப்பவர்கள் எடுத்துப் படிப்பார்கள். சிலர் வீட்டுக்கே கொண்டுபோய், சாம்பார்க் கறையோடு திருப்பித் தருவார்கள். கறை பட்டுத் திரும்பினால் எங்களுக்குச் சந்தோஷம்தான். சாப்பிடும்போதும் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தொடர்கதை என் சொந்தச் சரக்கல்ல. எங்கள் பாடத்திட்டத்தில் இடைக்கால ஐரோப்பா என்று ஒரு தாள் உண்டு. நிலமானிய முறை, பிரபுக்கள், பண்ணையடிமைகள் என்று போகும். அதே வருஷம் ஆங்கில வகுப்பில் துணைப்பாடமாக ஒரு பழங்கதை. பாறையில் செருகிக் கிடந்த வாளை யாராலும் உருவ முடியவில்லை. எங்கோ வளர்ந்த ஒருவன் உருவிவிட்டு ராஜாவாகிறான். பிறகு ஒரு வட்ட மேஜை செய்து, முதல் வரிசை கடைசி வரிசை இல்லாமல் தன் வீரர்களைச் சுற்றி உட்காரவைக்கிறான். பந்தியில் யார் எங்கே உட்காருவது என்பதற்குக் கல்யாண வீடே இரண்டானதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வட்ட மேஜை என்ற இடத்தை வாத்தியார் வேகமாகக் கடந்து போய்விட்டார். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்த ராஜாவைக் கல்வராயன் மலைக்குக் கொண்டுவந்தேன். வெள்ளிமலையில் கோட்டை. ராஜாவுக்கு இன்னொரு வாள் மிதந்து வரும் ஏரிக்குக் கோமுகி அணை. ஆட்களின் பெயரையெல்லாம் மாற்றினேன். ‘உங்கள் எண்ணம்’ பக்கம் நிறைந்தது. “பாறையில் வாள் எப்படி இறங்கியது? வெடி வைத்தார்களா?” என்று கல் குவாரி ஆள் யாரோ கேட்டிருந்தார். “அந்தக் காலத்தில் டேம் ஏது?” என்று இன்னொருவர். மலையிலிருந்து புளி கொண்டுவந்த ஒருவர், “எங்கள் ஜாகீர்தாரைப் பற்றித்தானே எழுதுகிறீர்கள், உண்மையைச் சொல்லுங்கள். தவிர, அந்தப் பாதையில் குதிரை ஏறாது, கழுதைதான் ஏறும்” என்று எழுதிவிட்டுப் போனார். நான் குதிரையை அடிவாரத்தில் கட்டிவிட்டு ராஜாவை நடக்கவைத்தேன்.

அது போராட்ட வருஷம். எங்கள் ஆட்கள் தனி இட ஒதுக்கீடு கேட்டுச் சங்கம் கட்டி, ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாலை மறியல் நடக்கப்போகிறது என்ற பேச்சு இருந்தது. டீக்கடையில் யாராவது உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கும். ஆளைப் பார்த்துவிட்டு மறுபடி தொடங்கும், அல்லது தொடங்காது.

அந்த நேரத்தில்தான் வட்ட மேஜைப் படம் வந்தது. கூட்டாளி கடையில் கிடந்த பழைய ஃப்ரீவீலை, அதாவது சைக்கிளின் பின்சக்கரத்துப் பல்சக்கரத்தை, தாளில் வைத்து, சுற்றிலும் பென்சில் ஓட்டியிருந்தான். ஒவ்வொரு பல்லும் ஓர் ஆசனம். அவ்வளவு அழகாக வந்திருந்தது. ஆனால் அந்த ஃப்ரீவீலில் ஒரு பல் உடைந்திருந்தது. அதனால் மேஜையில் ஓரிடம் மட்டும் காலி.

“அழிச்சுட்டு வேற போடட்டுமாடா?” என்றான்.

வேண்டாம் என்றேன். மூலக்கதையிலேயே காலியான ஆசனம் ஒன்று உண்டு. நான்தான் இடமில்லாமல் விட்டிருந்தேன். படத்துக்காக அதைத் திரும்பச் சேர்த்தேன். ‘அந்த ஆசனம் வரவேண்டிய ஒருவனுக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. தகுதியில்லாதவன் அமர்ந்தால் உயிர் போகும்’ என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு அது வெறும் வாக்கியம்.

முதலில் பாய் கேட்டார். “தம்பி, ஒதுக்குன எடம்னு எழுதிக்கிறியே, அது இன்னா?”

“வரவேண்டியவன் வர்ற வரைக்கும் காலியா இருக்கும் பாய்.”

“நான் யாரோ ஒதுங்கற எடம்னு நெனச்சுட்டேன்.” சிரிக்காமல் சொன்னார். “சரி, வரவேண்டியவன் யாரு? உங்காளா, இவுங்காளா?”

“ஃப்ரீவீல்ல பல்லு ஒடஞ்சிருந்துச்சு பாய். அதான் காலியா வந்துச்சு.”

“இத எவன்கிட்டயும் சொல்லாத. பொய் சொல்றன்னு நெனப்பான்.” பம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். “எனக்கு ரெண்டு ஆளுங்களும் பஞ்சர் ஒட்ட வரணும்பா. பாத்து எழுதுங்க.”

அடுத்து என் மாமா, அம்மாவின் தம்பி, சங்கத்து வேனில் வந்து இறங்கினார். படிக்கத் தெரியாதவர். யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். தோளில் கை போட்டு என்னை டீக்கடைப் பக்கம் அழைத்துப்போனார். அதுவரை அவர் என் தோளில் கை போட்டதில்லை.

“மாப்ளே, ஒதுக்குன எடம்னு நல்லாக் கேட்டிருக்க. அதுல யாரு உக்காரப் போறாங்கன்னு அடுத்த தபா தெளிவா எழுது. கூட்டத்துல படிக்கச் சொல்றோம்.”

“அது கதை மாமா.”

“நாங்க மட்டும் இன்னா சொல்லிக்கினு இருக்கோம்? தகுதி இல்லாதவன் உக்காந்தா செத்துடுவான்னு ஒண்ணு வருதே, அத மட்டும் எடுத்துரு. அதத்தான் மேல உக்காந்திருக்கறவனுங்க நம்மளப் பாத்துச் சொல்லிக்கினு இருக்கானுங்க.”

அவர் சொன்ன கடைசி விஷயம் என் வாத்தியாருக்குக்கூடத் தோன்றியிருக்காது என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அன்று என் கவனம் அதில் இல்லை. சாலைக்கு எதிர்ப்பக்கம் கடை வாசலில் கூட்டாளி ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அது கோணுகிறதா என்று பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்ததும் கேட்டான். “மாமா இன்னா சொல்றாரு?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா தோள்ல கை?” அவன் ஸ்போக்கை முறுக்கிக்கொண்டே பேசினான். “எங்க தெருவுல ஒதுக்குனதுன்னா யாருக்கோ வெச்சிருக்கறது இல்லடா. வேணாம்னு வெச்சிருக்கறது. அதுல எவனோ ஊரு பேரு தெரியாதவன் வந்து உக்காருவான்னு சொல்ற. கடைசில அவனும் ராஜாவுக்கு ஒறவுன்னு முடிப்ப. வாளை உருவுனவனும் அப்படித்தான? பெரிய பரிட்சையெல்லாம் வெச்சுட்டு, பாஸானவன் பழைய ராஜா மகன்னு சொன்ன. அப்பறம் பரிட்சை எதுக்கு?”

மூலக்கதை அப்படித்தான் என்றேன்.

“மூலக்கதை எழுதுனவன்கிட்ட நான் கேக்க முடியுமா? உன்னைத்தான் கேக்க முடியும். அந்த மாதிரி முடிச்சேன்னா நான் எழுதித் தரமாட்டேன். வேற ஆளப் பாத்துக்க.”

அவன் இல்லாமல் அந்தப் பத்திரிகை இல்லை. இது எங்கள் இருவருக்குமே தெரியும். அடுத்த பகுதியில் எவன் அந்த ஆசனத்தில் உட்காருகிறானோ, அவனைப் பொறுத்து நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் உட்காருவது இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் இரண்டு சொல். ‘ஒதுக்கியது யார்?’ எழுத்தை வேண்டுமென்றே கோணலாக எழுதியிருந்தார்கள். ‘து’வின் வால் மட்டும் கோட்டுக்குக் கீழே நீளமாக இறங்கியிருந்தது. கூட்டாளியும் ‘து’வை அப்படித்தான் இழுப்பான். அன்று முழுக்க அவன் கையெழுத்தையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கேட்கவில்லை. அவனும் மாமாவைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. ஒரே கடையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு மறியல் தொடங்கியது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் இல்லை, கடை இல்லை. ஊர்த்தெருவில் காலனியைப் பற்றியும் காலனியில் ஊர்த்தெருவைப் பற்றியும் ஏதேதோ பேச்சு ஓடியது. அந்த நாட்களில் வீட்டில் அடைந்து கிடந்து அந்தப் பகுதியை எழுதி முடித்தேன். உட்காருகிறவனுக்கு ஊரும் இல்லை, அப்பன் பெயரும் இல்லை. கடைசிவரை சொல்லவில்லை. தகுதி பற்றிய வரியையும் எடுக்கவில்லை. உட்கார்ந்தும் அவன் சாகவில்லை, அவ்வளவுதான்.

அதைக் கூட்டாளி பார்க்கவேண்டும். தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு, சைக்கிளை மரங்களுக்கு மேலே தூக்கித் தாண்டிக் காலனிக்குப் போனேன். நல்ல பகல். முகப்பில் வேப்பமரத்தடியில் சிலர் இருந்தார்கள். என் முகம் தெரிந்தவர்கள்தான். முகத்தை விட்டுவிட்டுப் பையைப் பார்த்தார்கள்.

“யாரு வேணும் தம்பி?”

சொன்னேன்.

“பையில இன்னா?”

“கதைங்க.”

“கதையா? இந்த நேரத்துலயா?”

“கதைன்னு சொல்லிக் கையெழுத்து வாங்க வந்திருப்பாரு” என்றார் இன்னொருவர். “நேத்துகூட ஊர்த்தெருவுலருந்து ஏதோ பேப்பர் எடுத்துக்கினு வந்தாங்க இல்ல.”

அதற்குள் கூட்டாளி வந்தான். “வாங்க” என்றான்.

எட்டு வயதிலிருந்து ‘டா’ போட்டவன். அந்த ‘ங்க’ என் சட்டையைப் பிடித்து நிறுத்தியது போல இருந்தது. ஆட்கள் முன்னால் சொல்கிறானா, எனக்கே சொல்கிறானா என்று தெரியவில்லை.

அவன் அம்மா பக்கத்து வீட்டு வாசலிலிருந்து ஓர் இரும்பு நாற்காலியைத் தூக்கிவந்து தெரு நடுவில் விரித்தார். “உக்காருங்க தம்பி.” அங்கே அந்த ஒரு நாற்காலிதான். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். வட்டமாகத்தான் நின்றார்கள். நான் உட்கார்ந்தால், நிற்கிறவர்கள் நடுவில் ஊர்த்தெருக்காரன் உட்கார்ந்ததாகும். உட்காராவிட்டால், அவர்கள் போட்ட நாற்காலியில் உட்கார மனமில்லை என்றாகும். இரண்டையும் எல்லாரும் எடைபோட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. கூட்டாளியும் பார்த்தான். உதவவில்லை.

அந்த அம்மா சொன்னதால் உட்கார்ந்தேன். வெயிலில் கிடந்த நாற்காலி, சுட்டது.

“கதைன்னா படிங்க, கேப்போம்” என்றார் பையைக் கேட்டவர். படித்தேன். என் குரல் மனுப் படிப்பது போலத்தான் இருந்தது. ஊர்பேர் தெரியாதவன் வந்து உட்கார்ந்த இடத்தில் ஒருவர் நிறுத்தினார்.

“செத்தானா?”

“சாகலைங்க.”

“அந்த எடத்த ஒதுக்கி வெச்சது யாரு?”

நிமிர்ந்து பார்த்தேன். பென்சிலில் இருந்த அதே கேள்வி. கேட்டவர் சைக்கிள் கடைப் பக்கமே வராதவர். அது ஒருவனுடைய கேள்வி இல்லை. அதன்பிறகு ‘து’வின் வாலை நான் தேடவில்லை.

“ராஜாதாங்க” என்றேன்.

“அவன் வந்து உக்காந்தப்ப ராஜா எழுந்தாரா?”

“இல்லைங்க. பாத்துக்கினு இருந்தாரு.”

“அதான பாத்தேன்” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. எதிர்பார்த்தது நடந்துவிட்ட சிரிப்பு.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். “மாத்தி எழுதறேன். எழுந்தாருன்னு.”

“மாத்தாதீங்க” என்றான் கூட்டாளி. “எழுந்தாருன்னு எழுதுனா எவன் நம்புவான்.” தாள்களை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். எழுதித் தருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “பாத்துப் போங்க. மரத்துல முள்ளு இருக்கும்.”

புளியமரத்தில் ஏது முள் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

சாலை திறந்து சில நாள் கழித்துக் கடைக்குப் போனேன். கொக்கியில் புதுப் பிரதி தொங்கியது. ஓர் எழுத்துகூட மாறாமல் நகலெடுத்திருந்தான். படமும் இருந்தது. அதே பல் உடைந்த ஃப்ரீவீல்தான். காலி இடத்தில் முகம் தெரியாமல் முதுகு காட்டி ஒருவன். எதிரே ராஜா. ஒரு கையை ஊன்றி, முதுகு ஆசனத்தை விட்டுச் சற்றே விலகி.

மாமா யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தார். “நம்மாளுதான மாப்ளே அது? பேரு போடாம வுட்டது நல்லதாப் போச்சு. கேஸு வராது.”

கடைசிப் பக்கத்தில், “ராஜா எழுந்திருக்கிறார்” என்று ஒருவர் எழுதியிருந்தார். அதன் கீழே, “இல்லை, இப்போதுதான் உட்காருகிறார்.” அதற்கும் கீழே, “மூலமாக இருக்கும்.”

கூட்டாளி ஒரு டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். கடையில் வேறு யாரும் இல்லை. பக்கத்தில் போய்க் குந்தினேன்.

“ராஜா எழுந்துக்கறாரா, உக்கார்றாரா?”

“நீ இன்னா எழுதுன? அதத்தான்டா வரைஞ்சேன்.”

“எழுந்துக்கலைன்னுதான எழுதுனேன்.”

“அப்ப நல்லாப் பாரு” என்று டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினான். எங்கே காற்றுப் போகிறது என்று இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.