வாடையை விரட்டிய வீடு

எங்கள் வீட்டுக்கு முதன்முறையாக வருகிறவர்கள் வாசலில் நின்றபடியே தலையைத் தூக்கிக் கூரையைப் பார்ப்பார்கள். அவ்வளவு உயரத்தில் கூரை உள்ள வீட்டில் அவர்கள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். பிறகு போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்குவார்கள். தேக்கு உத்தரம், காற்று வருவதற்காகப் பலகைகளைச் சாய்த்து அடித்த மாடிச் சுவர், தரையில் பழைய குழி ஒன்றின் மேல் நாங்கள் பதித்த கண்ணாடி, எல்லாம் படமாகும். இப்படி ஒரு யோசனை எப்படித் தோன்றியது என்று கேட்பார்கள். நான் ஏதாவது சொல்லி வைப்பேன். அதற்குள் என் அத்தா உள்ளறையிலிருந்து வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக வெளியே வருவார். வந்தவர்களுக்கு ஒரு சலாம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, மிகவும் பணிவாகக் கேட்பார்.

"தம்பி, என்னையச் செத்த ஷாப்புல கொண்டுபோய் விட்டுர்றியா?"

அவர் நின்றுகொண்டு கேட்கிற இடம்தான் ஷாப்பு.

திண்டுக்கல்லில் எங்களைப் போன்ற குடும்பங்களில் அத்தா என்றால் அப்பா, ஷாப்பு என்றால் தோல் பதனிடுகிற இடம். உப்புப் போட்ட ஆட்டுத்தோல் லாரியில் வந்து இறங்கும். சுண்ணாம்புக் குழியில் ஊறி முடி உதிர்ந்து, ஆவாரம்பட்டைத் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் கிடந்து, கடைசியில் மாடிக்குப் போய்க் காற்றில் காயும். நான் பிறப்பதற்கு முன்பே அத்தா இதை நடத்திக்கொண்டிருந்தார். நான் சென்னையில் படம் வரையப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் தண்ணீர்ப் பிரச்சினை, கோர்ட்டு என்று ஒவ்வொன்றாக வந்து அது மூடப்பட்டது. எனக்குத் துளி வருத்தம் இல்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு ஒரு நல்ல ஓட்டலாகப் பார்த்துப் போய்ச் சாப்பிட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் பிரியாணி வாசனை. எனக்கு அது தோல் வாடை. பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் எப்போதும் எனக்கு மட்டும் தாராளமாக இடம் இருக்கும். அத்தா ஷாப்பிலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்து என்னைக் கூப்பிட்டுப் போகிற நாளில் நான் செத்துப்போவேன். வீட்டில் இருந்த சோப்பை எல்லாம் தேய்த்துத் தீர்த்து அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். இந்த வாடை மட்டும் போய்விட்டால் போதும், வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்று அல்லாவிடம் துஆ கேட்ட பிள்ளை நான். அந்த துஆ கபூலாக முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இவ்வளவு தாமதமாகப் பலித்ததற்குப் பலிக்காமலே இருந்திருக்கலாம்.

அம்மா இறந்த பிறகு அத்தாவைத் தனியாக விட முடியாமல் நானும் மனைவியும் ஊருக்கே திரும்பினோம். நாகல் நகரில் ஒரு வாடகை வீடு. நான் புத்தக அட்டைகளுக்குப் படம் வரைகிறவன். என் மனைவி மர அச்சு வைத்துத் துணியில் பூவும் கொடியும் பதிக்கிறவள். நான் கட்டிலில் பலகையைப் போட்டு வரைவேன். சாப்பாட்டு மேசைதான் அவளுக்கு அச்சு மேசை. சாயம் காய்ந்தால்தான் எங்களுக்குச் சோறு. ஈரத் துணியை மொட்டை மாடியில் விரித்தால் வீட்டுக்கார அம்மாவுக்கு மாடி கறையாகிவிடும் என்று பயம். தினமும் ஒரு பஞ்சாயத்து.

அந்த வீட்டில்தான் அத்தாவின் ஞாபகம் கழன்று போகத் தொடங்கியது. முதலில் பேர்கள் போயின. பிறகு தெருக்கள் போயின. கறி வாங்கக் கிளம்பியவர் வீட்டுக்கு வரமாட்டார். ஆனால் தேடிக்கொண்டு எங்கும் அலைய வேண்டியதில்லை. நேரே பேகம்பூரைத் தாண்டி ஷாப்புக்குப் போனால், பூட்டிக் கிடக்கிற கேட்டில் சாய்ந்து நிற்பார். எல்லாத் தெருவும் மறந்துபோன மனுஷனுக்கு அந்த ஒரு வழி மட்டும் மறக்கவில்லை.

மதுரையில் டாக்டர் ஒருவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, மருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, பழகிய இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், தெரிந்த இடம் சுற்றி இருந்தால் கொஞ்ச காலம் பிடிமானம் இருக்கும் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி சொன்னாள்: "மாமாவுக்குத் தெரிஞ்ச இடம் அது ஒண்ணுதான. நாம அங்க போயிருவோம்ங்க." கீழே அவளுக்கு நீளமான அச்சு மேசை, மேலே தோல் காய்ந்த இடத்தில் துணி காயும், மூலையில் வெளிச்சம் விழுகிற இடத்தில் எனக்கு மேசை, நடுவில் அத்தா. வாடிப்பட்டி தாண்டுவதற்குள் வீட்டையே கட்டி முடித்துவிட்டாள். எனக்குத் தொண்டையில் வாடை ஏறியது. ஆனாலும் சரி என்றேன், ஏனென்றால் அத்தாவுக்கு வேறு இடம் இல்லை.

கருவேலம் புதரை வெட்டி, வௌவால்களைக் கிளப்பி, ஒன்றை மட்டும் விட்டு மற்ற குழிகளை மூடி வேலையைத் தொடங்கினோம். தினமும் காலையில் ஆட்டோவில் அத்தாவைக் கூப்பிட்டு வந்து ஒரு நாற்காலியில் உட்கார வைப்போம். அப்போது அவரைப் பார்க்க வேண்டுமே. செருப்புக் காலோடு உள்ளே நடப்பார், கொத்தனாரைப் பழைய மேஸ்திரியின் பேர் சொல்லி அதட்டுவார், சாந்து கலக்கிற தொட்டியில் கைவிட்டுப் பார்த்துப் பட்டை போதாது என்பார். கொத்தனாரும் சரிங்க பாய் என்று கேட்டுக்கொள்வார். டாக்டர் சொன்னது அப்படியே நடக்கிறது என்று எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை.

வாடை மட்டும் போகவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தோல் கிடந்த சுவர், செங்கல்லுக்குள் வரை உப்பும் கொழுப்பும் ஏறியிருந்தது. ஆசிட் ஊற்றிக் கழுவினோம். சாம்பிராணி போட்டோம், வேப்பிலை போட்டோம், மூட்டை மூட்டையாகக் கரியைப் பரப்பிப் பார்த்தோம். கொத்தனார் தன் பங்குக்குக் கடுக்காய்த் தண்ணீர் அடித்துப் பார்த்தார். எனக்கு வாடை வந்துகொண்டே இருந்தது. என் மனைவி, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, லேசாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றாள். உனக்குத் தெரியாது, நீ அந்த பெஞ்சில் உட்கார்ந்ததில்லை என்று கத்தினேன். பூச்சு முழுவதையும் செங்கல் தெரிகிறவரை கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசச் சொன்னேன். உத்தரத்துக்கு மூன்று கை வார்னிஷ். தரைக்கு டைல்ஸ். கடைசியில் ஒரு நாள் தெருவில் போன ஆட்டோக்காரரையும் டீக்கடைக்காரரையும் உள்ளே இழுத்து வந்து மோந்து பார்க்கச் சொன்னேன். பெயிண்ட் வாடைதான் வருது என்றார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அத்தா வந்து இறங்கினார். வாசலில் நின்று உள்ளே பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றி, ஓரமாகச் சேர்த்து வைத்துவிட்டு, உள்ளே வலது காலை எடுத்து வைத்தார். ஷாப்புக்குள் யாரும் செருப்பைக் கழற்ற மாட்டார்கள். அடுத்தவர் வீட்டுக்குப் போனால்தான் கழற்றுவோம். நான் அதைக் கண்ணால் பார்த்தேன். டைல்ஸ் அழுக்காகக் கூடாதென்று கழற்றியதாக நினைத்துக்கொண்டேன்.

பால் காய்ச்சினோம். பாத்திஹா ஓதி, சொந்தபந்தத்துக்குப் பிரியாணி போட்டோம். அத்தா நன்றாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து என் மனைவியிடம், "சாப்பாடு நல்லா இருந்துச்சும்மா. அப்ப நாங்க பொறப்படுறோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில், என்னைய ஷாப்புல விட்டுர்றியா என்கிற கேள்விதான். இதுதான் அத்தா ஷாப்பு என்றால், ஒரு பெரிய மனுஷனிடம் இப்படி விளையாடலாமா என்பதுபோல் என்னைப் பார்ப்பார். பழைய சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தோம். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், யாரோ தொலைத்திருக்கிறார்கள் என்றார். கண்ணாடிக்கு அடியில் குழியைக் காட்டினோம். எங்கள் ஷாப்பிலும் இப்படி இருக்கிறது என்றார். ஆட்டோவில் ஏற்றி நாகல் நகர் போய், மலைக்கோட்டையைச் சுற்றிக்கொண்டு இதே கேட்டில் கொண்டுவந்து இறக்கினோம். வழியெல்லாம் முகம் பூரித்து வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, என் மனைவிக்கு சலாம் சொல்லிவிட்டு, நாற்காலியின் நுனியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தார். டாக்டருக்கு போன் செய்தேன். சில பேருக்கு இப்படித்தான், பொறுமையாக இருங்கள் என்றார். பொறுமையாக இருப்பதைத் தவிர வேறு என்ன செய்துவிடப் போகிறோம்?

ஐப்பசியில் மழை பிடித்தது. கன்னிவாடி மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்து, விடாமல் பெய்தது. தெருவில் தண்ணீர் நின்றது. சுவர் அடியிலிருந்து ஈரம் ஏறியது. புதுப் பூச்சில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்து, பெயிண்ட் அப்பளம் மாதிரி எழும்பி உதிர்ந்தது. அதன் பின்னாலேயே வாடை வந்தது. பழைய வாடை, சுத்தமாக அதே வாடை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த பிரஷ்ஷைச் சுவரில் விட்டெறிந்தேன். கொத்தனாரை வரச் சொன்னேன். அவர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாடியில் மனைவியின் துணி காயவில்லை. ஒரு கல்யாண வீட்டுக்காக மாதக்கணக்கில் அவள் அச்சடித்த துணி அத்தனையும் நமத்துப்போய்ப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை ஏறிக்கொண்டிருந்தது. கதவை எல்லாம் சாத்தி, ஹீட்டரும் ஃபேனும் வாடகைக்கு எடுத்துவந்து காய வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

அப்போது உள்ளறையிலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது.

அத்தா டைல்ஸ் மேல் செருப்புக் காலோடு நடந்து வந்தார். எங்களைத் தாண்டி மாடிப்படி ஏறினார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். உத்தரத்தில் தொங்கிய துணிகளுக்கு நடுவே நுழைந்து, ஒவ்வொன்றின் ஓரத்தையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து நசுக்கிப் பார்த்தார். கடைசித் துணியை விட்டுவிட்டுத் திரும்பினார். என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"ஏலே, நீ எப்ப மெட்ராஸ்ல இருந்து வந்த? சாப்டியா?"

என் அத்தா என்னை அடையாளம் கண்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் சாப்பிட்டேன் அத்தா என்று சொல்லிவிட்டு அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. மழை விடட்டும், எல்லாம் காய்ந்துவிடும் என்று எனக்குத் தைரியம் சொன்னார். மருமகளைப் பார்த்து டீ போடச் சொன்னார்.

மழை பெய்த நாளெல்லாம் அவர் வீட்டில் இருந்தார். காலையில் எங்கும் கூட்டிப் போகச் சொல்லவில்லை. என்னைத் திட்டினார், அம்மா எங்கே என்று ஒரு தடவை கேட்டார், என் படத்தைப் பார்த்து இதற்கெல்லாமா காசு கொடுக்கிறார்கள் என்றார். ஹீட்டர் வந்து இறங்கியது. என் மனைவி அதைப் பிரிக்கவே இல்லை. துணி வீணாகிறதே என்று நான் சொன்னபோது, போகட்டும்ங்க என்று மட்டும் சொன்னாள். அந்த வாடைக்குள் உட்கார்ந்து மூவரும் சாப்பிட்டோம். சோறு அப்படி இறங்கியது.

பிறகு வெயில் வந்தது. மூன்று பக்கமும் காற்று வருகிற மாதிரி கட்டிய கட்டடம், சீக்கிரமே காய்ந்து, வாடையும் போய்விட்டது. ஒரு நாள் காலையில் வாசல் தெளிக்கப் போன மனைவி என்னைக் கூப்பிட்டாள். அத்தாவின் செருப்பு வெளியே ஓரமாக, ஜோடி சேர்த்து வைக்கப்பட்டிருந்தது.

தோல் மண்டிக்குப் போய் உப்புப் போட்ட பச்சைத் தோல் ஒன்றை வாங்கி ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தேன். கூடத்து நடுவில் போட்டேன். அத்தா மூக்கைப் பொத்திக்கொண்டு, "குடியிருக்கிற வீட்டுக்குள்ள யாருப்பா இதக் கொண்டாந்து போட்டது? ஷாப்புக்கு அனுப்புங்க" என்றார். அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தேன். திரும்பி வந்தவன் ரப்பர் குழாயை எடுத்துக் குழாயடியில் மாட்டி, சுட்டெரிக்கிற வெயிலில் சுவர் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தேன். அடிச்சுவரில் அடித்தேன், மேலே அடித்தேன். பெயிண்ட் வாடை வந்தது, சிமெண்ட் வாடை வந்தது, பழைய வாடை மட்டும் வரவில்லை. மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், நிறுத்தச் சொல்லவில்லை. லுங்கியெல்லாம் நனைந்துபோயிற்று.

அத்தா வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக வெளியே வந்தார். செத்த நேரம் நான் செய்வதைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து என் முதுகில் கைவைத்தார்.

"இம்புட்டு வெயில்ல எதுக்கு தம்பி? வீட்டுக்குப் போ. ஒங்க அத்தா தேடிக்கிட்டு இருப்பாரு."

போறேன் என்று சொன்னேன். தண்ணீரை நிறுத்தவில்லை.