என் பிரஷரும் அவள் வாய்வும்

எனக்குப் பிரஷர் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு வருத்தம் வரவில்லை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியரான எனக்கு மறுபடி ஒரு பதவி கிடைத்த மாதிரி இருந்தது. “இவரைக் கோபப்படுத்தாதீங்கம்மா” என்று அவர் என் மனைவியிடம்தான் சொன்னார். கோபப்படாதே என்று என்னிடம் சொல்லவில்லை. அதை நான் வசதியாக நினைவில் வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து வீடு என் இதயத்துக்காகவே நடந்தது. குழம்பில் உப்பைக் குறைத்தால் கத்துவேன். குறைக்கச் சொன்னதும் அதே டாக்டர்தான். எங்கள் கரும்புக்குச் சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரத் தாமதமானால், அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டு, கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி வந்து அவள்மேல் கோபத்தை இறக்குவேன். மகன் எதிர்த்துப் பேச வாயெடுத்தால் அவளே அடக்கிவிடுவாள்.

“வுடுடா. அப்பாவுக்குப் பிரஷர் ஏறிக்கினு பூடும்.”

போன பருவத்தில் கரும்பை வெட்டிப் போட்டும் லாரி வரவில்லை. வெயிலில் எடை குறைந்துகொண்டிருந்தது. போனில் லாரிக்காரரைத் திட்டினேன். அவர் போனை வைத்துவிட்டதால் மிச்சத்தை அவளிடம் திட்டினேன். அவள் நெஞ்சைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா பண்ணுது?” என்று கேட்டவன் மகன். நானில்லை.

“வாய்வுடா. ஒரு சோடா வாங்கியா, சரியாப்பூடும்.”

சோடா குடித்தாள். ஏப்பம் வரவில்லை. உடம்பெல்லாம் வியர்த்துச் சுவரோரம் சரிந்தாள். மகன் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். வாய்வு இல்லை, மாரடைப்பு.

பிழைப்பாளா என்று தெரியாமல் இரண்டு நாள் வெளியே உட்கார்ந்திருந்தேன். அவள் கண் விழித்ததும் டாக்டர் கேட்டார்.

“எவ்ளோ நாளாம்மா வலி?”

“பொங்கல்லேர்ந்து சார். சொன்னா அவுருக்குப் பிரஷர் ஏறுமேன்னு சொல்லல.”

டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். நர்ஸிடம் என் கையிலும் பிரஷர் பட்டியைச் சுற்றச் சொன்னார். என் பிரஷர் கட்டுக்குள் இருந்தது. அதைக் கேட்க எனக்கு அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது, “மனசுல எதையும் அடக்கி வெச்சிக்காதீங்கம்மா” என்று அவளிடம் சொன்னார். இந்த முறை நானும் காதில் வாங்கிக்கொண்டேன்.

நேற்று அவளுடைய புதுப் புடவையில் காபியைக் கொட்டிவிட்டேன். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று, “நாலு வார்த்தை திட்டிடு, உள்ள வெச்சிக்கினு இருக்காத” என்றேன்.

“ஐயய்ய, நான் கத்துனா ஒங்களுக்குப் பிரஷர் ஏறிக்கும்ங்க. மொதல்ல மாத்திரையப் போடுங்க” என்றாள்.

போட்டுக்கொண்டேன்.